எல்லைப் பாலத்தில் காத்திருக்கும் பழைய வழக்கு

கடந்த பனிக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்காபரோவில் உள்ள என் வீட்டுக்கு ஒருவர் வந்தார். வயது ஐம்பதை நெருங்கும். பாரவூர்திச் சாரதி. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் மடிப்பு மடிப்பாகக் கிழியத் தொடங்கியிருந்த சில நீதிமன்றக் காகிதங்கள். "அண்ணை, இதில என்ன எழுதியிருக்கெண்டு ஒருக்கால் வாசிச்சுச் சொல்லுங்கோ. இருபத்தைஞ்சு வருசமா இதை நான் திறந்தே பார்க்கேல்லை" என்றார்.

பல ஆண்டுகள் நான் நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றியவன். அதனால்தான் என்னைத் தேடி வந்திருந்தார். காகிதங்கள் சொன்ன கதை மிகச் சிறியது. கனடாவுக்கு வந்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகாத இளைஞனாக இருந்தபோது, கூட இருந்த நண்பன் கொடுத்த வேறொருவரின் கடனட்டையைக் கொண்டு இரு வெவ்வேறு நாட்களில் இரு கடைகளில் பொருட்கள் வாங்கியிருக்கிறார். இரண்டாவது கடையில் பிடிபட்டார். இரண்டு குற்றச்சாட்டுகள். குற்றத்தை ஒப்புக்கொண்டார். நீதிபதி அவரைச் சிறைக்கு அனுப்பவில்லை. ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்புடன் நிபந்தனையோடு விடுவித்தார்.

அன்று அவருக்காக வந்திருந்த சட்டத்தரணி, மொழிபெயர்ப்பாளர் வழியாக அவருக்குச் சொன்ன வசனம் இது: "நிபந்தனைகளை ஒழுங்காக நிறைவேற்றினால் உங்களுக்குக் குற்றப்பதிவு இருக்காது." அந்த வழக்கில் மொழிபெயர்த்தவன் நான் அல்லன். ஆயினும் அதே வசனத்தை வேறு எத்தனையோ இளைஞர்களுக்கு நான் தமிழில் சொல்லியிருக்கிறேன். அது பொய்யன்று. கனடிய சட்டத்தின்படி அது முழு உண்மை. ஆனால் அந்த உண்மைக்கு ஓர் எல்லை உண்டு; அது நயாகரா ஆற்றின் நடுவில் முடிந்துவிடுகிறது.

கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான எல்லை 8,891 கிலோமீற்றர் நீளமானது. ஆனால் ஒன்ராறியோவின் பாரவூர்திச் சாரதிகளைப் பொறுத்தவரை அந்த எல்லை என்பது சில பாலங்கள்தான். வின்ட்சரையும் டெட்ரொயிட்டையும் இணைக்கும், 1929இல் திறக்கப்பட்ட அம்பாசடர் பாலம். ஃபோர்ட் ஈரியையும் பஃபலோவையும் இணைக்கும் 1927ஆம் ஆண்டின் சமாதானப் பாலம். சார்னியாவில் உள்ள நீலநீர்ப் பாலம். வாகன உதிரிப்பாகங்களும் உணவுப் பொருட்களும் மரமும் நாள் முழுவதும் இவற்றின் மேல் போய்வருகின்றன. சாரதிகள் பலருக்கு ஊதியம் மைல் கணக்கில். நீண்ட பயணங்கள் அமெரிக்காவுக்குள்தான் கிடைக்கின்றன. ஆகவே எல்லையைக் கடக்க முடியாத சாரதி வேலையை முற்றாக இழக்காவிட்டாலும், அந்தத் தொழிலின் நல்ல பாதியை இழந்துவிடுகிறார்.

என்னிடம் வந்தவர் பல ஆண்டுகள் கனடாவுக்குள் மட்டுமே ஓடியவர். புதிய நிறுவனம் ஒன்று அமெரிக்கப் பாதையில் வேலை கொடுத்தது. பொலிஸ் சான்றிதழ் கேட்டது. சான்றிதழ் சுத்தமாக வந்தது. நம்பிக்கையோடு புறப்பட்டார். பாலத்தைக் கடந்ததும் அதிகாரி கணினியைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "நீங்கள் எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா?"

சான்றிதழ் சுத்தமாக இருக்க, அதிகாரிக்கு எப்படித் தெரிந்தது? கனடாவில் நிபந்தனையுடனான விடுவிப்பு மூன்று ஆண்டுகள் கழிந்ததும் மத்திய பொலிஸ் தகவல் நிலையத்தின் பதிவிலிருந்து அகற்றப்பட வேண்டும். ஆனால் அந்தத் தகவல் நிலையத்தின் பதிவுகளை அமெரிக்க எல்லை அதிகாரிகளும் பார்க்க முடியும். அந்த மூன்று ஆண்டுகளுக்குள் இவர் நியூ ஜெர்சியில் நடந்த ஒரு கலியாண வீட்டுக்குப் போக முயன்று, எல்லையில் திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறார். அன்றே அந்தத் தகவல் அமெரிக்காவின் சொந்தப் பதிவேட்டில் ஏறிவிட்டது. பிறகு கனடா தன் பதிவை அழித்தாலும், அமெரிக்காவிடம் உள்ள பிரதியை அழிக்கும் அதிகாரம் கனடாவுக்கு இல்லை.

பதிவு இருப்பது ஒன்று. அது தடையாவது வேறொன்று. எல்லாக் குற்றங்களும் அமெரிக்க நுழைவுக்குத் தடையல்ல. அந்நாட்டின் குடிவரவுச் சட்டம் முக்கியமாக இரண்டு வகைகளைப் பார்க்கிறது. ஒன்று, போதைப்பொருள் தொடர்பான குற்றம். மற்றது 'ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றம்' எனப்படுவது. இந்தச் சொற்றொடர் 1891ஆம் ஆண்டின் சட்டத்திலிருந்தே அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில் இருந்துவருகிறது. எது ஒழுக்கக்கேடு என்று சட்டம் வரையறுக்கவே இல்லை. நீதிமன்றங்களே வழக்குக்கு வழக்கு சொல்லிவந்திருக்கின்றன. இந்தச் சொல் தெளிவற்றது, ஆகவே செல்லாது என்ற வாதத்தை 1951இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நிராகரித்தது; மோசடி என்றாலே ஒழுக்கக்கேடுதான் என்று அத்தீர்ப்பில் உறுதிசெய்தது. களவும் மோசடியும் இந்த வகைக்குள் வருகின்றன. சாதாரண கைகலப்பு பொதுவாக வருவதில்லை. மதுபோதையில் ஒரு தடவை வாகனம் ஓட்டியதும் பொதுவாக வருவதில்லை.

சிறு குற்றங்களுக்கு ஒரு விலக்கு உண்டு. ஒரே ஒரு குற்றம் மட்டுமே செய்திருக்க வேண்டும். அதற்கான உச்ச தண்டனை ஓராண்டைத் தாண்டக்கூடாது. விதிக்கப்பட்ட சிறைத்தண்டனை ஆறு மாதத்தைத் தாண்டக்கூடாது. பதினெட்டு வயதுக்கு முன் செய்த ஒரு குற்றத்துக்கு, ஐந்து ஆண்டுகள் கழிந்திருந்தால், வேறொரு விலக்கு உண்டு. என்னிடம் வந்தவர் ஒரு நாள்கூடச் சிறையில் இருந்ததில்லை. ஆனால் அவர் அந்த அட்டையைப் பயன்படுத்தியது ஒரு நாள் அல்ல, இரண்டு நாள். இரண்டு குற்றச்சாட்டுகள். 'ஒரே ஒரு குற்றம்' என்ற வாசலிலேயே விலக்கு மூடப்பட்டுவிட்டது.

இங்கேதான் அந்தப் பழைய வசனத்தின் பொறி இருக்கிறது. கனடாவின் குற்றவியல் கோவை, இவ்வாறு விடுவிக்கப்பட்டவரைக் குற்றத்தீர்ப்புப் பெறாதவராகவே கருதுகிறது. அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் வரைவிலக்கணம் வேறு. ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிபதி அவருடைய சுதந்திரத்துக்கு ஏதேனும் ஒரு கட்டுப்பாட்டையோ தண்டனையையோ விதித்திருந்தால், அது குற்றத்தீர்ப்பே. ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு அத்தகைய கட்டுப்பாடுதான். ஆக, ஒரே மனிதர், ஒரே தீர்ப்பு. ஆற்றின் மேற்குக் கரையில் அவர் குற்றவாளி அல்லர், கிழக்குக் கரையில் குற்றவாளி.

மன்னிப்பும் இப்படித்தான். கனடாவில் 1970இல் இயற்றப்பட்ட குற்றப்பதிவுச் சட்டத்தின் கீழ், தண்டனையை நிறைவேற்றிக் குறிப்பிட்ட காலம் ஒழுங்காக வாழ்ந்தவர் மன்னிப்புக் கோரலாம். 2012இல் அதன் பெயர் 'பதிவு இடைநிறுத்தம்' என்று மாற்றப்பட்டது. காத்திருக்கும் காலமும் சிறு குற்றங்களுக்கு ஐந்து, பெருங்குற்றங்களுக்குப் பத்து ஆண்டுகள் என்று கூட்டப்பட்டது. 600 டொலரைத் தாண்டியிருந்த கட்டணம் 2022இல் 50 டொலராகக் குறைக்கப்பட்டது. கனடாவுக்குள் வேலை தேடுபவருக்கு இது பெரும் உதவி. ஆனால் அமெரிக்கா வெளிநாட்டு மன்னிப்பை ஏற்பதில்லை. மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்ற துணிவில் பாலத்தில் ஏறி, திரும்பி வந்தவர்கள் ஏராளம்.

என்னிடம் வந்தவர் அன்று சற்றுத் தயங்கிவிட்டு, "ஆம், கைது செய்யப்பட்டேன்" என்று உண்மையைச் சொன்னார். அந்த ஒரு சொல்தான் அவரைக் காப்பாற்றியது. நுழைவுக்கான கோரிக்கையை அவரே மீளப் பெற்றுக்கொண்டு திரும்ப அனுமதித்தார்கள். "இல்லை" என்று சொல்லியிருந்தால், பழைய குற்றத்தோடு புதிதாக ஒன்று சேர்ந்திருக்கும். முக்கியமான விடயத்தில் தெரிந்தே பொய் சொல்லி நுழைய முயல்வது அமெரிக்கச் சட்டப்படி தனியான தடை. அது காலத்தால் கழியாதது. உடனடி அகற்றல் ஆணை பிறப்பிக்கப்பட்டால் ஐந்தாண்டுத் தடை வேறு. பாரவூர்தி அன்று மாலையே கனடாவுக்குத் திரும்பியது. சரக்கை இன்னொரு சாரதி எடுத்துப்போனார்.

அவருக்கு எஞ்சியிருந்த வழி, முன்கூட்டிய நுழைவு அனுமதி. 'வேய்வர்' என்றே நம்மவர்கள் சொல்கிறார்கள். அதற்கான விண்ணப்பத்துக்கு விரல் அடையாளங்கள், கனடிய பொலிஸ் பதிவு, ஒவ்வொரு வழக்குக்கும் உரிய நீதிமன்ற ஆவணங்கள், தொழில் கொடுப்பவரின் கடிதம், எல்லாவற்றுக்கும் மேலாக விண்ணப்பதாரர் தன் கைப்பட எழுதும் விளக்கம் ஆகியவை வேண்டும். கட்டணம் மட்டும் ஆயிரம் அமெரிக்க டொலரைத் தாண்டுகிறது. மறுக்கப்பட்டால் அது திரும்பாது. முடிவு வரப் பல மாதங்கள் ஆகும்.

இந்த விண்ணப்பங்களை எப்படி எடைபோடுவது என்பதை 1978இல் அமெரிக்கக் குடிவரவு மேன்முறையீட்டுச் சபை ஒரு கனடியப் பெண்ணின் வழக்கில் வகுத்துத் தந்தது. ஹ்ராங்கா வழக்கு என்று அது அறியப்படுகிறது. மூன்று கேள்விகள்: இவரை அனுமதித்தால் சமூகத்துக்கு என்ன ஆபத்து? முன்பு செய்த மீறல் எவ்வளவு பாரதூரமானது? இப்போது நுழைய விரும்பும் காரணம் என்ன? நியாயமான கேள்விகள்தான். கால் நூற்றாண்டு ஒழுங்காக வாழ்ந்த சாரதி மூன்றுக்கும் நல்ல பதில் சொல்ல முடியும். ஆனால் அனுமதி அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளுக்கே. முதல் தடவை அதனிலும் குறைவாகக் கிடைப்பது வழக்கம். காலம் முடிந்தால் மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம், மறுபடி அதே கதையை எழுதுதல்.

கனடியக் குடியுரிமை பெறாத சாரதிகளின் நிலை இன்னும் சிக்கலானது. இலங்கைக் கடவுச்சீட்டுடன் கனடாவில் நிரந்தர வதிவிட உரிமை பெற்றிருப்பவருக்கு அமெரிக்க விசா வேண்டும். அந்த விசா விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: மன்னிப்போ பொதுமன்னிப்போ கிடைத்திருந்தாலும், நீங்கள் எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா? நம் சமூகத்தில் இந்தக் கேள்வியின் கனம் வேறு. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழும் அவசரகால விதிகளின் கீழும் இலங்கையில் பிடித்துச் செல்லப்பட்டு, வழக்கே இல்லாமல் விடுவிக்கப்பட்டவர்கள் பலர் இங்கே வண்டி ஓட்டுகிறார்கள். அவர்களில் சிலர் "அது கைதோ, அண்ணை? சும்மா பிடிச்சுக்கொண்டு போனவங்கள்" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கைதுதான். குற்றத்தீர்ப்பு இல்லாத கைது தன்னளவில் குற்றவியல் தடையாகாது. அதை மறைப்பதோ தடையாகிவிடலாம்.

கனடாவில் நிரந்தர வதிவாளராக இருப்பவர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். 2018 டிசம்பர் 18 முதல் மதுபோதையில் வாகனம் ஓட்டுவதற்கான உச்ச தண்டனை பத்தாண்டுகளாக உயர்த்தப்பட்டது. அதனால் அது குடிவரவுச் சட்டத்தின் 'பாரதூரமான குற்றம்' என்ற வகைக்குள் வந்துவிட்டது. விதிக்கப்படுவது வெறும் அபராதமாகவே இருந்தாலும், நிரந்தர வதிவிட உரிமையே கேள்விக்குள்ளாகலாம். அமெரிக்காவிலிருந்து கனடாவுக்குச் சரக்கு கொண்டுவரும் அமெரிக்கச் சாரதிகளையும் இதே மாற்றம் தாக்கியது. முன்பு அத்தகைய ஒற்றைக் குற்றம் பத்து ஆண்டுகளில் தானாகவே கழிந்ததாகக் கருதப்பட்டது. அந்தத் திகதிக்குப் பிந்திய குற்றங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அமெரிக்கா பொதுவாகக் கண்டுகொள்ளாத குற்றத்தைக் கனடா வாசலில் மறிக்கிறது. கனடா மறந்துவிட்ட கடனட்டையை அமெரிக்கா மறிக்கிறது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வோர் அச்சம்.

கஞ்சா பற்றியும் ஒரு வார்த்தை. 2018 ஒக்டோபர் 17 முதல் அது கனடாவில் சட்டபூர்வமானது. அமெரிக்க மத்திய சட்டத்தில் அது இன்னமும் தடைசெய்யப்பட்ட பொருளே. அமெரிக்க வீதிகளில் ஓடும் கனடியச் சாரதியும் அந்நாட்டின் போதைப்பொருள் பரிசோதனை விதிகளுக்குக் கட்டுப்பட்டவர். வழக்கு இல்லாவிட்டாலும், சட்டவிரோதமாக இருந்த காலத்தில் பயன்படுத்தியதாக எல்லையில் ஒப்புக்கொள்வதே சிலருக்குத் தடையாக முடிந்திருக்கிறது. பழைய குற்றத்தீர்ப்பு இருந்தால், அது சிறிதளவு வைத்திருந்ததற்கானதாக இருப்பினும், மேலே சொன்ன சிறு குற்ற விலக்கு அதற்குப் பொருந்தாது.

இவ்வளவையும் எழுதும்போது, எல்லையில் நிற்கும் அதிகாரியின் பக்கத்தையும் நான் மறக்கவில்லை. அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஒரு பாரவூர்தி 80,000 இறாத்தல் வரை, அதாவது 36 தொன்னுக்கும் மேலான எடையுடன் ஓடலாம். அதன் சரக்குப் பெட்டிக்குள் எதையும் மறைக்கலாம், மறைத்தும் இருக்கிறார்கள். தன் வாசலில் யாரை அனுமதிப்பது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு. போதைப்பொருள் கடத்தியவரையும் ஆயுதம் கொண்டுவந்தவரையும் கண்மூடி விடும்படி எவரும் கேட்க மாட்டார்கள். என் கேள்வி வேறு. இருபத்திரண்டு வயதில் செய்த ஒரு பிழைக்கு ஒருவர் நீதிபதி முன் நின்று, அவர் சொன்னதையெல்லாம் நிறைவேற்றி, கணக்கை முடித்த பிறகு, அவருடைய தொழிலைப் பறிக்கும் இரண்டாவது தண்டனை வருகிறது. அது வருமென்று முதல் நாளிலேயே அவருக்கு ஏன் எவரும் சொல்லவில்லை?

இந்தக் கேள்வியை அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் வைத்தவரும் ஒரு பாரவூர்திச் சாரதிதான். ஹொண்டுராஸில் பிறந்து, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அமெரிக்காவில் சட்டபூர்வமாக வாழ்ந்து, வியட்நாம் போரில் அந்நாட்டுக்காகப் பணியாற்றிய ஹோசே படியா. 2001இல் கென்டக்கி மாநிலத்தில் அவருடைய வாகனத்தில் பெருமளவு கஞ்சா பிடிபட்டது. நீண்டகாலம் இங்கே இருந்துவிட்டீர்கள், நாடுகடத்தலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று அவருடைய சட்டத்தரணி சொன்னதை நம்பிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சட்டமோ அவரை ஏறத்தாழக் கட்டாயமாக நாடுகடத்தச் சொன்னது. 2010 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது: குற்றத்தை ஒப்புக்கொள்வதால் நாடுகடத்தப்படும் ஆபத்து உண்டா என்பதைக் கட்சிக்காரருக்குச் சொல்வது சட்டத்தரணியின் கடமை. அவர் செய்தது சிறிய குற்றம் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. எதை ஏற்கிறோம் என்று அறியாமல் ஒருவரை ஒப்புக்கொள்ளவைப்பது நீதியல்ல என்றுதான் சொன்னது. கனடிய உச்ச நீதிமன்றமும் 2018இல் வோங் என்பவரின் வழக்கில், குடிவரவு விளைவுகளை அறிந்திருப்பது விவரமறிந்த ஒப்புதலின் ஒரு பகுதி என்ற நிலைப்பாட்டை எடுத்தது; எனினும், அறிந்திருந்தால் தான் வேறுவிதமாக முடிவெடுத்திருப்பேன் என்று காட்ட முடியாததால் அவருடைய மேன்முறையீடு தள்ளுபடியானது.

இந்த இரு தீர்ப்புகளும் ஒருவரைத் தான் வாழும் நாட்டிலிருந்து வெளியேற்றும் ஆபத்தைப் பற்றியவை. அயல்நாட்டின் எல்லை மூடிவிடும் என்ற ஆபத்தை அவை பேசவில்லை. எல்லை கடப்பதே பிழைப்பாக உள்ள மனிதருக்கு அந்த இரண்டாவது ஆபத்து சிறியதன்று. ஒன்ராறியோ நீதிமன்றங்களில் சட்டத்தரணிகள் இரண்டு கேள்விகளைக் கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டால் போதும்: நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்? இனி என்ன வேலை செய்ய எண்ணியிருக்கிறீர்கள்? அதற்கு எந்தப் புதிய சட்டமும் தேவையில்லை. ஒரு குற்றச்சாட்டைக் கைவிடச் செய்து ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்வதற்கும் இரண்டையும் ஒப்புக்கொள்வதற்கும் கனடாவில் அதிக வித்தியாசம் இல்லாமல் இருக்கலாம். பாலத்தில் அது ஒரு வாழ்நாள் வித்தியாசம்.

நிறுவனங்களும் ஒன்று செய்யலாம். அனுமதி கிடைக்கும் வரை அந்தச் சாரதியைக் கனடாவுக்குள் ஓடவிட்டு, வேலையைத் தக்கவைத்துக் கொடுக்கலாம். தொழில் கொடுப்பவரின் கடிதமே விண்ணப்பத்தின் வலுவான ஆவணங்களில் ஒன்று. அமெரிக்க அதிகாரிகள் பழைய, வன்முறையற்ற வழக்குகளுக்கு முதல் தடவையே ஐந்தாண்டு அனுமதி கொடுப்பதை வழக்கமாக்கலாம். சட்டம் அதற்கு இடம் தருகிறது. சாரதிகளுக்கு நான் சொல்வது மூன்றுதான். பழைய நீதிமன்றக் காகிதங்களை எறியாதீர்கள். நீதிமன்றங்களே காலப்போக்கில் பழைய கோப்புகளை அழித்துவிடுகின்றன. குடிவரவுச் சட்டம் அறிந்த சட்டத்தரணியிடம் கேளாமல் பாலத்தில் ஏறாதீர்கள். கேட்டால் பொய் சொல்லாதீர்கள்.

அந்த மனிதரின் விளக்கக் கடிதத்தை மொழிபெயர்த்தவன் நான். மேசையில் எதிரே இருந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். ஊரில் அம்மா, இங்கே கடன், நண்பனின் அட்டை, முதலாவது கடையில் வாங்கிய பனிக்காலச் சப்பாத்து. தன் பிள்ளைகளுக்கு இதுவரை சொல்லாத கதை. முடித்துவிட்டுக் கேட்டார்: "அண்ணை, ஜட்ஜ் ஐயாட்ட ஒருக்கால் மன்னிப்புக் கேட்டனான். இன்னும் எத்தினை தரம் கேட்க வேணும்?"

எட்டு மாதங்களின் பின் அனுமதி வந்தது. ஓராண்டுக்கு. அடுத்த விண்ணப்பத்துக்கான காகிதங்களை இப்போதே சேர்க்கத் தொடங்கிவிட்டார். அவருடைய கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பாளன் தன் சொந்த வார்த்தை எதையும் சேர்க்கக் கூடாது என்பது எங்கள் தொழில் விதி. அந்த விதியைக் காட்டி எத்தனையோ இளைஞர்களின் முன்னால் நான் பேசாமல் இருந்திருக்கிறேன். அவர்களில் எவரேனும் இன்று எங்காவது ஒரு பாலத்தின் வரிசையில் நின்றுகொண்டிருக்கக்கூடும். அவர்களுக்கு அன்று சொல்லாததைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.